மல்ச்சிங் ஷீட்: விரிக்க மானியம் இருக்கு... எடுக்க யார் இருக்கா? அலங்காநல்லூர் காய்கறித் தோட்டங்களில் மண்ணுக்கு என்ன ஆகிறது?

காய்ப்பு முடிந்தது. மிளகாய்ச் செடியைப் பிடுங்கி வரப்பில் போட்டாச்சு. சொட்டுநீர் டியூப்பைச் சுருட்டி எடுத்தாச்சு. அடுத்து டிராக்டர் வரணும். ஆனால் பாத்தி மேல் மாசக்கணக்கில் வெயிலில் கிடந்த அந்த வெள்ளி நிற ஷீட்? மேலே கைக்கு வந்த வரை இழுத்துச் சுருட்டுகிறார்கள். மண்ணுக்குள் புதைந்த ஓரம் மட்டும் வர மறுக்கிறது. இழுத்தால் கிழிகிறது. "கிடக்கட்டும் விடு" என்று ரொட்டவேட்டரை இறக்கினால், கொஞ்ச நேரத்தில் நிலம் சுத்தமாகத் தெரியும்.

தெரிவது மட்டும்தான் சுத்தம். அந்தப் பிளாஸ்டிக் எங்கேயும் போகவில்லை. துண்டு துண்டாகி அதே மண்ணில்தான் கிடக்கிறது.

அலங்காநல்லூர் என்றால் தை மாதம் கேமராக்கள் வரிசை கட்டி நிற்கும். வாடிவாசல், காளை, 2024 ஜனவரியில் கீழக்கரையில் திறந்த பெரிய அரங்கம் என்று நாமும் நாள் முழுக்க லைவ் போடுவோம். அந்தக் காளைகள் மேயும் வரப்பையும் அதை ஒட்டிய காய்கறித் தோட்டத்தையும் யாரும் அவ்வளவாகக் காட்டுவதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கத்தரி, மிளகாய், தக்காளி, கொடிக்காய் போடுகிறவர்களிடம் மல்ச்சிங் ஷீட் இப்போது புதுசு இல்லை. அது செடிக்கு நல்லதா, மண்ணுக்குக் கெட்டதா? இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை, அங்கேதான் சிக்கல்.

மல்ச்சிங் ஷீட் என்றால் என்ன?

அரசு ஆவணங்களில் இதற்குப் பெயர் நிலப்போர்வை. கிராமத்தில் மல்ச்சிங் ஷீட், மல்ச்சிங் பேப்பர். பெயரில்தான் பேப்பர், பொருள் பாலித்தீன். பொதுவாக ஒரு பக்கம் வெள்ளி நிறம், மறுபக்கம் கருப்பு. மேட்டுப்பாத்தி பிடித்து, சொட்டுநீர் டியூப்பைப் போட்டு, அதன் மேல் ஷீட்டை விரித்து, இரண்டு ஓரத்தையும் மண்ணில் புதைத்து, செடி வைக்கிற இடத்தில் மட்டும் வட்டமாக ஓட்டை போடுவார்கள். 4 அடி அகலம், 400 மீட்டர் நீளம், 25 முதல் 30 மைக்ரான் தடிமன். காய்கறிக்குப் பெரும்பாலும் இந்த ரோல்தான்.

செடிக்கு என்ன லாபம்?

நிறையவே இருக்கு. மதுரை வெயில் சித்திரையில் 40 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் திறந்த பாத்தியில் விட்ட தண்ணியில் ஒரு பங்கு ஆவியாகவே போய்விடும். ஷீட் அதைத் தடுக்கிறது. கிணற்றில் ஒரு மணி நேரம்தான் தண்ணி நிற்கும் என்கிற தோட்டத்துக்கு இது பெரிய விஷயம். தண்ணி ஆவியாகும்போது உப்பு மேலே ஏறிப் படியும், அதுவும் குறையும்.

அடுத்தது களை. கருப்புப் பக்கம் கீழே இருப்பதால் வெளிச்சம் போகாது, களை முளைத்தாலும் வளராது. கோரையைத் தவிர! கோரைக்கு ஷீட் ஒரு பொருட்டே இல்லை, ஊசி மாதிரி குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். கோரை மண்டிய நிலத்தில் ஷீட் விரிப்பது பாதி காசு வீண். மற்றபடி களைவெட்டுக் கூலி மிச்சம். அந்தக் கூலி பெரும்பாலும் பெண்களுக்குப் போய்க்கொண்டிருந்த கூலி என்பதையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளி நிறம் சும்மா அழகுக்கு இல்லை. மேலே பட்ட வெளிச்சம் இலையின் அடிப்பக்கத்துக்குத் திரும்பி அடிக்கும். இலைப்பேன், அசுவினி, வெள்ளை ஈ மாதிரியான பூச்சிகள் அந்த வெளிச்சத்தில் தடுமாறி, செடியில் உட்காருவது குறைகிறது. மிளகாயில் இலைச்சுருட்டலைப் பரப்புவதே இந்தக் கூட்டம்தான். மழை அடித்தால் மண் தெறித்துக் காயில் படுவதும் இல்லை, அதனால் அழுகலும் குறைவு.

ஒரு எச்சரிக்கை மட்டும்: நம்ம ஊர் கோடையில் கருப்புப் பக்கத்தை மேலே போட்டால் சூட்டில் இளங்கன்றின் தண்டே வெந்துவிடும். குளிர் நாடுகளில் மண்ணைச் சூடாக்கத்தான் கருப்பு ஷீட் போடுகிறார்கள். நமக்குச் சூடு குறையாது, தேவையும் இல்லை.

சீனாவில் நடந்த பல வயல் ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, ஷீட் போட்டதால் மகசூல் சராசரியாக 24 சதவீதம் கூடியது என்கிறது. அதனால், 'ஷீட் போடாதே' என்று ஏசி அறையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அதைப் போட்ட விவசாயி கணக்குத் தெரியாமல் போடவில்லை.

அப்போ பிரச்னை எங்கே தொடங்குது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

25 மைக்ரான் தடிமன், 4 அடி அகலம், 400 மீட்டர் நீளம் உள்ள ஒரு ரோல் சுமார் 11 கிலோ இருக்கணும். 5 அடிக்கு ஒரு பாத்தி என்றால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 2,650 மீட்டர் ஷீட் தேவை, கிட்டத்தட்ட 7 ரோல். அதாவது ஒரு ஏக்கரில் 73 கிலோ பாலித்தீன். 30 மைக்ரான் என்றால் 88 கிலோ.

4 அடி அகல ஷீட்டில் இரண்டு பக்கமும் அரை அடி மண்ணுக்குள் போகிறது. அதாவது கால் பங்கு ஷீட் நம் கண்ணுக்கே தெரியாது. மேலே தெரிகிற முக்கால் பங்கை மட்டும் எடுத்துவிட்டு ஓரத்தை விட்டால், ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு 18 முதல் 22 கிலோ பிளாஸ்டிக் மண்ணில் தங்கும்.

செடிக்கு ஓட்டை போட்ட துண்டுகள் வேறு இருக்கின்றன. 5 அடிக்கு 2 அடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 4,300க்கு மேல் ஓட்டை. அந்த வட்டத் துண்டுகளைப் பொறுக்கி எடுக்கிற ஆள் எத்தனை பேர்? காற்று அடித்தால் அது பக்கத்து வயலுக்கு, வாய்க்காலுக்கு, மாடு மேயும் இடத்துக்கு.

சரி, 18 கிலோ தங்கினால் என்ன? அந்த 2019 பகுப்பாய்வு இன்னொன்றையும் சொல்கிறது. மண்ணில் தங்கிய பிளாஸ்டிக் ஹெக்டேருக்கு 240 கிலோவைத் தாண்டினால் மகசூல் கண்கூடாகச் சரிகிறது. நம் கணக்கில் ஏக்கருக்கு 97 கிலோ. ஓரத்தை மட்டும் விட்டுக்கொண்டே போனால், புது ஷீட் விரித்த ஐந்து போகத்தில் அந்த அளவு வந்துவிடும். மொத்த ஷீட்டையும் எடுக்காமல் உழுதுவிட்டால்? ஒரே போகத்தில் அந்த அளவின் பக்கத்தில் போய் நிற்போம்.

இது சீன வயல்களில் கிடைத்த எண். நம்ம செம்மண்ணுக்கும் களிமண்ணுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை ஒன்றுதான். லாபம் ஒரு போகத்துக்குள் கைக்கு வருகிறது, நஷ்டம் பல போகத்துக்கு அப்புறம் மெதுவாக வருகிறது. அப்போது "மண்ணு செத்துப் போச்சு" என்போமே தவிர, ஷீட்டை நினைக்க மாட்டோம்.

மண்ணுக்குள்ள என்ன நடக்குது?

பெரிய துண்டு செய்கிற வேலை கண்ணால் பார்க்கக்கூடியது. கீழே இறங்கும் தண்ணியை மறிக்கிறது. வேர் நேரே இறங்க முடியாமல் வளைந்து போகிறது. கத்தரி, மிளகாய் நாற்றை நட்டபின் சில செடி மட்டும் காரணமே இல்லாமல் ஏங்கிப்போய் நின்றால், பிடுங்கி வேரைப் பாருங்க. அடியில் பழைய ஷீட் கிடக்கலாம்.

சின்னத் துண்டுகளின் வேலை வேறு. வெயிலில் காய்ந்த பாலித்தீன் நொறுங்கிக்கொண்டே போகும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதற்குப் பெயர் மைக்ரோபிளாஸ்டிக். அதைக் கையால் பொறுக்கவும் முடியாது, மண்ணிலிருந்து பிரிக்கவும் முடியாது. மண்ணின் பொலபொலப்பு, காற்றோட்டம், நுண்ணுயிர், மண்புழு என எல்லாவற்றையும் இது தொந்தரவு செய்கிறது என்று ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. எந்த அளவில் எவ்வளவு பாதிப்பு என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒருமித்த எண் இல்லை, மண்ணுக்கு மண் மாறுகிறது.

ஷீட் ஒழுங்காக இருக்கும்போதே இன்னொரு விஷயம் நடக்கிறது, இதைப் பலரும் பேசுவதில்லை. ஷீட்டுக்குக் கீழே மண் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பதால் அங்கே மக்கு வேகமாகச் சிதைகிறது. செடிக்கு அப்போதைக்குச் சத்து கிடைக்கிறது, பயிர் கருகருவென்று வருகிறது. ஆனால் எரு போடாமல் வருஷத்துக்கு வருஷம் ஷீட் மட்டும் போட்டால் மண்ணின் இருப்பு கரைந்துகொண்டே போகும். சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவழிக்கிற மாதிரி.

இந்தியாவில் இதைப் பார்த்தார்களா? பார்த்தார்கள். டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பும் மணிப்பால் உயர்கல்வி நிறுவனமும் சேர்ந்து கர்நாடகா, மகாராஷ்டிராவில் ஷீட் பயன்படுத்திய நிலங்களில் மண் எடுத்து ஆராய்ந்து 2022ல் அறிக்கை வெளியிட்டன. மண்ணில் மைக்ரோபிளாஸ்டிக் இருப்பது உறுதியானது. உலக அளவில், பயிர், கால்நடை என விவசாய உற்பத்தியில் ஆண்டுக்கு 125 லட்சம் டன் பிளாஸ்டிக் பயன்படுகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2021ல் கணக்குச் சொன்னது. அதில் கிட்டத்தட்ட பாதி ஆசியாவில்.

சீனா ஏன் திடீர்னு தடிமனைக் கூட்டியது?

உலகத்திலேயே அதிகமாக மல்ச்சிங் ஷீட் விரித்த நாடு சீனா. ஜின்ஜியாங் பருத்தி வயல்களில் பல ஆண்டுகளாக 8 மைக்ரான் அளவிலான மெல்லிய ஷீட்டைப் போட்டார்கள். விலை குறைவு. ஆனால் அறுவடை முடிந்ததும் கையில் எடுத்தால் காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி உதிரும். அப்படி மண்ணில் சேர்ந்துபோனதற்கு அங்கே 'வெள்ளை மாசு' என்றே பெயர் வந்துவிட்டது.

2018 மே மாதம் முதல் குறைந்தபட்சத் தடிமன் 10 மைக்ரான் என்று கட்டாயமாக்கினார்கள். 2020 செப்டம்பரில் இன்னொரு விதி வந்தது: பயன்படுத்தியவர் ஷீட்டைத் திரும்ப எடுக்கணும், தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உண்டு.

இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. நம்ம ஊரில் காய்கறிக்குப் பரிந்துரைக்கிற 25, 30 மைக்ரான் ஷீட், சீனா திணறிய ஷீட்டைப் போல மூன்று மடங்கு தடிமன். முழுசாக எடுக்கக்கூடிய நிலையில்தான் நாம் இன்னும் இருக்கிறோம். விலை குறைவு என்று 15 மைக்ரான் வாங்கினால் மட்டும் அந்த வசதி போய்விடும்.

நாம சாப்பிடுற கத்தரிக்காயில பிளாஸ்டிக் வருமா?

இதுதான் நகரத்து வாசகர்கள் முதலில் கேட்கும் கேள்வி. 2020ல் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் வந்த ஆய்வில், மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் கோதுமை, லெட்யூஸ் கீரை ஆகியவற்றின் பக்க வேர் கிளைக்கும் இடத்தில் உள்ள சின்ன விரிசல் வழியாக உள்ளே போவதைக் காட்டினார்கள். அது ஆய்வகத்தில் வைத்து நடத்திய சோதனை. பரவை மார்க்கெட்டில் வாங்கின கத்தரிக்காயில் அது இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அப்படி ஏதாவது வந்தால் அனுப்பாதீங்க. இன்றைக்கு நிச்சயமாகத் தெரிவது மண்ணுக்கு நடப்பது. கவலைப்பட அதுவே போதும்.

சட்டம் என்ன சொல்லுது? மானியம் எப்படி?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. கேரி பேக், கப், தட்டு, உறிஞ்சு குழல் எல்லாம் அதில் உண்டு. மல்ச்சிங் ஷீட் அந்தப் பட்டியலில் இல்லை. மத்திய அரசு 2022 பிப்ரவரியில் கொண்டுவந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிமுறை, பிளாஸ்டிக்கை விற்ற கம்பெனியே அதைத் திரும்பச் சேகரிக்கணும் என்கிறது. ஆனால் அது பேக்கேஜிங் பிளாஸ்டிக்குக்கு. பிஸ்கட் கவருக்குப் பொறுப்பாளி உண்டு, ஒரு ஏக்கர் முழுக்க விரித்த ஷீட்டுக்கு இல்லை.

மானியம் இருக்கிறது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தில் பல ஆண்டுகளாக இருந்த கணக்குப்படி, ஹெக்டேருக்குச் செலவு 32,000 ரூபாய், அதில் பாதி 16,000 ரூபாய் மானியம், ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரை. இப்போதைய தொகையைத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்க. அந்தப் பணம் ஷீட்டை வாங்கி விரிக்க. எடுப்பதற்கு ஆள் கூலி? எடுத்ததைக் கொண்டு போட ஒரு இடம்? அந்தக் கணக்கில் இல்லை.

பழைய இரும்புக் கடைக்காரரும் தயங்குவார். மண், வேர், ஈரம் ஒட்டிய ஷீட்டின் எடையில் பாதி அழுக்குதான், அதைக் கழுவிக் காயவைக்கிற செலவு அவருக்குக் கட்டாது. கடைசியில் என்ன ஆகிறது? வரப்பில் குவித்து நெருப்பு. திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே தடை செய்தது, 5,000 ரூபாயிலிருந்து அபராதமும் உண்டு. ஆனால் எரிக்கிறவரிடம் "வேற எங்க கொண்டு போய்ப் போட?" என்று திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

குத்தகை நிலத்தில் கூடுதல் சிக்கல்

காய்கறி போடுகிற நிறைய பேர் நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று குத்தகைக்கு எடுத்து உழைப்பவர்கள். மண்ணுக்குள் கிடக்கிற ஓரத்தை ஆள் விட்டுத் தோண்டி எடுக்கிற கூலி அவர் பையிலிருந்து போகும், அதன் பலன் அடுத்து வருகிறவருக்கு. எந்தக் கணக்கில் அவர் எடுப்பார்? நிலத்துக்காரருக்கோ மேலே உழுதது மட்டும்தான் தெரியும். குத்தகை பேசும்போதே 'ஷீட்டை முழுசா எடுத்துட்டுத்தான் நிலத்தை விடணும், அதுக்கு இவ்வளவு கழித்துக்கலாம்' என்று ஒரு வார்த்தை போட்டுக்கொள்வது இருவருக்கும் நல்லது.

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாறு பாசனத்தில் இருபோக நெல் விளைகிற பூமி இது. காய்கறிக்கு அப்புறம் அதே வயலில் நெல் நடுகிறவர்களும் உண்டு. தண்ணி கட்டினதும் துண்டுகள் மிதந்து வாய்க்காலில் இறங்கும். அப்புறம் அது ஒருத்தர் வயல் பிரச்னை இல்லை.

மக்கும் ஷீட் வாங்கினா முடிஞ்சுதா?

பெயரைப் பார்த்து வாங்கினால் முடியாது. மண்ணிலேயே சிதையும் ஷீட்டுக்கு ஐரோப்பாவில் 2018ல் தனித் தரநிலையே கொண்டுவந்தார்கள். சாதாரண வெப்பத்தில் மண்ணுக்குள் 2 ஆண்டுக்குள் 90 சதவீதம் சிதைந்தாகணும். அந்த மாதிரி ஷீட் விலை கூட. இன்னொரு ரகம், சாதாரண பாலித்தீனில் ஏதோ ஒரு ரசாயனத்தைக் கலந்து, வெயிலில் சீக்கிரம் நொறுங்க வைப்பது. அது மக்குவது இல்லை, பொடியாவது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து அந்த ரகப் பொருட்களையே தடை செய்துவிட்டது. நம்ம ஊரில் 'கம்போஸ்டபிள்' என்று சான்று இருந்தாலும், அது உரக்கிடங்கின் சூட்டில் மக்குவதற்கான சான்று. வயலில் அதே வேகத்தில் மக்கும் என்று அர்த்தம் இல்லை.

வைக்கோல், தோகை எல்லாம் எங்கே போச்சு?

மூடாக்கு நமக்குப் புதுசா என்ன? கரும்புத் தோகையைப் பாருக்கு நடுவே பரப்புவதை வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், கடைசியில் எருவாகவும் மாறும். அலங்காநல்லூரில் கரும்புக்குப் பஞ்சமா என்றால், இப்போது பஞ்சம்தான். கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நின்றுபோனதும் கரும்புப் பரப்பும் சுருங்கியது. வைக்கோலைப் பரப்பலாம் என்றால் மாடு வளர்க்கிற ஊரில் அதற்குத் தனி மவுசு. காளைக்குப் போட வேண்டிய வைக்கோலைக் கத்தரிக்குப் போடு என்று இந்த ஊரில் யாராவது சொல்லிப் பார்க்கட்டும்!

தென்னை மட்டை, மட்க வைத்த நார்க்கழிவு, நிலக்கடலைத் தொலி என்று கையில் கிடைப்பதைப் பயன்படுத்த முடியும். ஒரு ஏக்கருக்கு டன் கணக்கில் வேண்டும், பரப்ப ஆள் வேண்டும், வெள்ளி ஷீட் மாதிரி இலைப்பேனை விரட்டாது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தோட்டத்தில், மரத்தடியில், கொடிப் பந்தலில் இது நன்றாக ஒத்து வரும். பெரிய மிளகாய்த் தோட்டத்தில் ஷீட்டுக்கு முழு மாற்று என்று சொன்னால் அது நடைமுறை தெரியாத பேச்சு.

ஷீட் போட்டே ஆகணும் என்றால்?

வாங்கும்போதே ரோலை எடை போடுங்க. 4 அடி அகலம், 400 மீட்டர், 25 மைக்ரான் என்று எழுதியிருந்தால் 11 கிலோ பக்கம் நிற்கணும். 8, 9 கிலோதான் இருக்கு என்றால் ஒன்று நீளம் குறைவு, இல்லை தடிமன் குறைவு. மெல்லிய ஷீட்டில் மிச்சமாகிற காசு, கடைசியில் பொறுக்குகிற கூலியில் போய்விடும்.

ஓட்டை போடும்போது இடுப்பில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு வட்டத் துண்டை அதில் போட்டால் அந்த 4,300 துண்டும் மண்ணுக்குப் போகாது. கடைசிக் காய் பறித்ததும் ஷீட்டை மாசக்கணக்கில் வெயிலில் விடாமல் உடனே எடுக்கணும், நாள் ஆக ஆக நொறுங்கும். எடுப்பதற்கு முந்தின நாள் ஓரத்தை நனைத்துவிட்டு, மண்வெட்டியால் ஓர மண்ணை இளக்கி, அப்புறம் இழுத்தால் கிழியாமல் வரும். காய்ந்த மண்ணில் இழுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிற தப்பு. ரொட்டவேட்டர் கடைசியில்தான் உள்ளே வரணும்.

எடுத்ததை உதறி, ஒருநாள் காயவைத்து, சுருட்டி எடை போட்டுப் பாருங்க. ஒட்டிய மண் எடையைக் கூட்டிக் காட்டும், அதனால் ஒரு துண்டையாவது கழுவிக் காயவைத்து எடை போட்டு ஒப்பிடணும். வாங்கினது 73 கிலோ, சுத்தமாக வந்தது 55 கிலோ என்றால், 18 கிலோ உங்கள் மண்ணுக்குள் இருக்கிறது.

தோட்டக்கலை அலுவலகத்துக்கு மானியத்துக்காக எப்படியும் போவீங்க, உழவன் செயலியிலும் பதிவு செய்வீங்க. அப்போது பழைய ஷீட்டை எங்கே ஒப்படைப்பது என்றும் கேளுங்க. வட்டாரத்துக்கு ஒரு சேகரிப்பு இடமும், புது ரோல் வாங்க வரும்போது பழைய ஷீட்டை எடை போட்டு வாங்கிக்கொள்கிற ஏற்பாடும் இருந்தால், ஓரத்தைத் தோண்டி எடுக்கிற கூலிக்கு ஒரு வழி பிறக்கும். மானியத்தின் ஒரு பகுதியை அப்படித் திரும்பக் கொடுத்த பிறகு தருவதற்கும் அரசுக்குத் தனிச் சட்டம் தேவையில்லை, திட்ட விதியில் ஒரு வரி சேர்த்தாலே போதும்.